டர்போ லாரியின் எவர்சில்வர் புகைக்குழாய்: பளபளப்பா, பாதுகாப்பா?

வணிகப் பெருமக்கள் பலர் இன்று சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்திருக்கிறார்கள். மொத்த மண்டியிலிருந்து பருப்பும் எண்ணெயும் ஏற்றி வரும் சிறிய லாரி முதல், உப்பு, அரிசி, வெல்லம் சுமக்கும் பத்துச் சக்கர லாரி வரை எல்லாமே கடையின் முதலீட்டில் ஒரு பங்கு. இந்த வண்டிகளில் இப்போது ஓடும் டீசல் என்ஜின்களில் பெரும்பாலானவை டர்போ பொருத்தியவை. டர்போ வந்ததும் இழுவை கூடியது. அதோடு என்ஜினின் புகைவாயில் வெப்பத்தின் கடுமையும் கூடியது.

பழைய வண்டியில் வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் விரிசல் விட்டால், புதிதாக ஒன்று வாங்காமல், எவர்சில்வர் குழாய்களை வளைத்து வெல்டிங் செய்து ஒரு "ஹெடர்" செய்து போடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. அமெரிக்காவில் பிக்கப் லாரி வைத்திருப்போரிடம் பெரிதாக வளர்ந்த கலை இது. நம் பட்டறைகளுக்கும் வந்துவிட்டது. ஹெடர் தயாரானதும் பட்டறைக்காரர் கேட்கும் கேள்வி: "அண்ணாச்சி, இதுக்கு என்ன ஃபினிஷ் போடட்டும்? கண்ணாடி மாதிரி பாலிஷ் அடிக்கவா, குரோம் ஏத்தவா, இல்ல கறுப்பா செராமிக் பூசவா?"

"எது நல்லா இருக்குமோ அதைப் போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பிவிடுவது நமது வழக்கம். கடைக்குச் சரக்கு எடுக்கும்போது ஒரு மூட்டைக்கு நான்கு மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்க்கும் நாம், இந்த இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறோம். தவறான பூச்சு உரிந்தால் அழகு போவதோடு முடிவதில்லை. டர்போ கெடலாம், ஒயரும் ஹோஸும் கருகலாம், சாக்கும் எண்ணெயும் ஏற்றிய வண்டி தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு எச்சரிக்கை

2020 ஏப்ரல் 1 முதல் விற்பனையாகும் வண்டிகள் பாரத் ஸ்டேஜ் 6 விதிக்கு உட்பட்டவை. இவற்றின் புகைக்குழாயில் வடிகட்டி, வினையூக்கி, வெப்ப உணரி எனப் பல கருவிகள் ஒன்றோடொன்று கணக்கு வைத்து இயங்குகின்றன. இவற்றில் கை வைக்கக் கூடாது. மேனிஃபோல்ட் கெட்டால் கம்பெனி உதிரிபாகம் வாங்கிப் போடுவதே முறை.

அதற்கு முந்தைய வண்டியானாலும், மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மேனிஃபோல்ட் மாற்றும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. விபத்து நடந்த பிறகு "இதை ஏன் மாற்றினீர்கள்" என்ற கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வண்டி உரிமையாளர், பட்டறைக்காரர் அல்லர்.

இதையெல்லாம் கடந்து, ஹெடர் போடுவதுதான் சரி என்று முடிவானவர்களுக்கும், தம் வண்டியிலோ அரிசி ஆலை ஜெனரேட்டரிலோ ஏற்கெனவே எவர்சில்வர் புகைக்குழாய் வைத்திருப்போருக்கும் இனி வரும் விவரங்கள் பயன்படும்.

டர்போ என்ன செய்கிறது?

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூச்சி 1905இல் காப்புரிமை பெற்ற கருத்து இது. என்ஜினிலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். அதே அச்சில் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் அதற்கேற்ப டீசலையும் அதிகம் எரிக்கலாம், இழுவை கூடும். நமது லாரிகளில் உள்ள டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று அளவுக்குச் சுழலக்கூடியது.

என்ஜினுக்கும் டர்போவுக்கும் இடையில் இருப்பது மேனிஃபோல்ட் அல்லது ஹெடர். வண்டியிலேயே அதிக வெப்பத்தைத் தாங்கும் குழாய் இதுதான். முழு லோடுடன் சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போதோ, பண்ணாரியிலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதோ, டீசல் என்ஜினில் இந்த இடத்துப் புகையின் வெப்பம் 600 முதல் 700 டிகிரி வரை போகலாம். பெட்ரோல் டர்போவில் 900 டிகிரியையும் தாண்டும். டர்போவைக் கடந்ததும் புகை தன் சக்தியில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுவதால் வெப்பம் நன்றாகக் குறைகிறது. பின்னால் சைலன்சருக்கும் வால்குழாய்க்கும் போகப் போக இன்னும் குறையும்.

எந்த ஃபினிஷ் என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது. டர்போவுக்கு முன் உள்ள குழாய்க்கு ஒரு நியாயம். டர்போவுக்குப் பின் உள்ள குழாய்க்கு வேறு நியாயம். வால்குழாயில் பத்து வருடம் நிற்கும் பூச்சு, ஹெடரில் பத்து நாளில் உரிந்துவிடும்.

எவர்சில்வரிலும் ரகம் உண்டு

அரிசியில் பொன்னியும் உண்டு, இட்லி அரிசியும் உண்டு. எவர்சில்வரும் அப்படித்தான். இரும்புடன் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால்தான் அதற்கு அந்தப் பெயர். குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படிகிறது. கீறல் விழுந்தாலும் படலம் தானே மீண்டும் உருவாகும். துருவைத் தடுப்பது இந்தப் படலம்தான்.

பட்டறைகளில் அடிபடும் ரகங்கள் இவை:

304: ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கொண்டது. நல்ல பாத்திரங்களும் இந்த ரகத்தில்தான் வருகின்றன. சூடேறி ஆறி, மீண்டும் சூடேறும் வேலையில் சுமார் 870 டிகிரி வரை செதில் உதிராமல் நிற்கும். டீசல் வண்டிக்குப் போதுமானது. இதில் கரி அளவு குறைந்த 304 எல் ரகம் வெல்டிங்குக்கு மேலும் நல்லது. காரணம், 425 முதல் 815 டிகிரி வரையிலான வெப்பத்தில் நெடுநேரம் இருந்தால் சாதாரண 304இல் குரோமியம் கரியுடன் சேர்ந்து ஒதுங்கி, வெல்டிங் ஓரங்கள் துருவுக்கு இடம் கொடுக்கும்.

321: 304 போன்றதே; டைட்டானியம் சேர்த்தது. மேற்சொன்ன கோளாறு இதில் தடுக்கப்பட்டிருக்கிறது. விலை கூடுதல். தினமும் மலை ஏறும் வண்டிக்கும், பெட்ரோல் டர்போவுக்கும் ஏற்றது.

409: குரோமியம் ஏறத்தாழ 11 சதவீதம் மட்டுமே. வண்டிக் கம்பெனிகள் சைலன்சருக்குப் பெருமளவில் பயன்படுத்துவது இதுதான். மேலே பழுப்புத் துரு படியும். ஆனால் சீக்கிரம் ஓட்டை விழாது.

200 வரிசை: நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவு ரகம். ஜே4 என்ற பெயரிலும் சந்தையில் கிடைக்கிறது. பார்வைக்கு 304 போலவே இருக்கும். ஹெடருக்கு உகந்ததல்ல.

பலர் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்று முடிவு செய்கிறார்கள். இது முழு உண்மை அல்ல. 304 காந்தத்தில் ஒட்டாது. ஆனால் மலிவான 200 வரிசையும் ஒட்டாது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பினால் ஏமாறுவோம். குழாய் வாங்கிய பில்லில் ரகத்தின் எண் எழுதியிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால், உலோகக் கலவையை எக்ஸ்ரே கருவியால் பார்த்துச் சொல்லும் சோதனைக் கூடத்தில் ஒரு துண்டைக் காட்டலாம்.

எந்த ஃபினிஷும் மட்டமான உலோகத்தை உயர்ந்த உலோகமாக ஆக்காது. பூச்சுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல ரகக் குழாய்க்குச் செலவிடுவதே முதல் சிக்கனம்.

ஒன்று: வெறும் எவர்சில்வர்

எதுவும் பூசாமல் அப்படியே விடுவது. இதில் என்ன நடக்கும் என்பதை நம் வீட்டு அடுப்பே காட்டும். எவர்சில்வர் பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் மறந்துவிட்டால் அடிப்பக்கம் மஞ்சளாகி, ஊதாவாகி, நீலமாகிறது அல்லவா? அதே நிறங்கள் ஹெடரிலும் வரும். 304 ரகத்தில் சுமார் 290 டிகிரியில் வெளிர் மஞ்சள், 390இல் பழுப்பு, 450இல் கரும் ஊதா, 540இல் நீலம், 600இல் கருநீலம். மேலே உள்ள ஆக்சைடு படலம் தடிப்பதால் வரும் நிறங்கள் இவை. உலோகம் கெட்டுவிட்டது என்று பொருளல்ல.

அறிந்த ஓட்டுநருக்கு இந்த நிறம் ஒரு தகவல் பலகை. நான்கு சிலிண்டர் வண்டியில் மூன்று குழாய் ஒரே நிறமாக இருக்க, ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால், அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரைப் பார்க்கச் சொல்லலாம். விரிசல் விட்ட இடத்தில் கரிக்கோடு தெளிவாகத் தெரியும். பூச்சு போட்டு மறைத்துவிட்டால் இந்த வசதி கிடையாது.

இதன் குறை, வெப்பம் அப்படியே வெளியே வீசும். அருகில் உள்ள ஒயர், ரப்பர் ஹோஸ், டீசல் குழாய் ஆகியவற்றைக் காக்க வேறு ஏற்பாடு வேண்டும். முதல் முறை என்ஜினை ஓட்டும் முன் குழாயைத் தின்னரால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். கைரேகையும் எண்ணெய்க் கறையும் வெப்பத்தில் சுட்டுப் பதிந்துவிட்டால் பிறகு போகாது.

இரண்டு: கண்ணாடி பாலிஷ்

பஃப் அடித்து முகம் தெரியும்படி மினுக்குவது. புதிதில் பார்க்க அழகுதான். முதல் லோடு மலை ஏறி இறங்கியதும் மஞ்சளும் நீலமும் வந்துவிடும். மறுபடி பஃப் அடித்தால் மறுபடி வரும். ஒவ்வொரு முறையும் உலோகம் ஒரு இழை தேயும். ஹெடர் போனட்டுக்குள்ளோ கேபினுக்கு அடியிலோ இருப்பதால் யார் கண்ணுக்கும் தெரியவும் போவதில்லை.

பாலிஷுக்கு ஒரு நியாயமான பயன் உண்டு. வழவழப்பான மேற்பரப்பில் உப்பும் அழுக்கும் தங்குவது குறைவு. ஆகவே வெப்பம் குறைந்த வால்குழாயில் பாலிஷ் வைத்துக்கொள்ளலாம். ஹெடருக்கு வெறும் மங்கல் ஃபினிஷே போதும்.

மூன்று: குரோம் முலாம்

இதை ஹெடருக்குப் போடாதீர்கள். குரோம் முலாம் என்பது நிக்கல் அடிப்படலத்தின் மேல் மிக மெல்லிய குரோமியப் படலம். சூடு ஏறியதும் நீலம் பாயும். அடிஉலோகமும் முலாமும் வெவ்வேறு அளவில் விரிவதால் நாளடைவில் வெடித்து உரியும். எவர்சில்வரின் மேலேயே குரோமியப் படலம் இயற்கையாக இருக்கும்போது, காசு கொடுத்து இன்னொன்று ஏற்றுவது வீண்செலவு. சாதாரண இரும்பில் செய்த வால்குழாயின் நுனிக்கு மட்டும் இது பொருந்தும்.

நான்கு: பெயின்ட், பவுடர் கோட்டிங்

கதவுக்கும் அலமாரிக்கும் போடும் பவுடர் கோட்டிங்கைப் புகைக்குழாய்க்குச் சிபாரிசு செய்பவரும் இருக்கிறார்கள். சாதாரணப் பவுடரை உலையில் 180 முதல் 200 டிகிரியில் சுட்டுப் பதிக்கிறார்கள். 600 டிகிரி போகும் இடத்தில் அது கருகி நாற்றம் அடிக்கும்.

வெப்பம் தாங்கும் சிலிகோன் அலுமினிய பெயின்ட் 600 டிகிரி வரைக்கும் கிடைக்கிறது. இரும்புச் சைலன்சருக்கு இது மலிவான, நல்ல தேர்வு. எவர்சில்வரின் வழவழப்பில் எளிதில் ஒட்டாது. மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய பிறகே அடிக்க வேண்டும். டர்போவுக்குப் பின் உள்ள குழாய்க்குப் போதும். ஹெடரில் நீண்ட நாள் எதிர்பார்க்க முடியாது.

துத்தநாகம் கலந்த பிரைமரையோ, ஜிங்க் முலாம் பூசிய கிளாம்ப், கம்பி முதலியவற்றையோ சூடான எவர்சில்வர் மீது பயன்படுத்தவே கூடாது. துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகும். உருகிய துத்தநாகம் எவர்சில்வரின் உட்துகள்களுக்கிடையே புகுந்து அதை நொறுங்கச் செய்யும். ஒரு சிறு கிளாம்பில் மிச்சம் பிடித்த காசு முழு ஹெடரையும் தின்றுவிடும்.

ஐந்து: வெப்பத் துணி சுற்றுதல்

கண்ணாடி நாரிலோ பாறை நாரிலோ நெய்த நாடாவைக் குழாயின் மீது இறுக்கிச் சுற்றுவது. பந்தயக் கார்களில் பார்த்து வந்த பழக்கம். வெப்பம் வெளியே வருவது உடனே குறையும். டர்போவுக்குப் போகும் புகையும் சற்றுச் சூடாகவே இருக்கும். செலவும் குறைவு.

ஆனால் வேலை செய்யும் சரக்கு வண்டிக்கு இதில் மூன்று ஆபத்துகள் உண்டு. முதலாவது, வெளியேற முடியாத வெப்பம் உலோகத்திலேயே தங்குவதால், வெறும் குழாயைவிட இது அதிகம் சூடாகிச் சீக்கிரம் சோர்ந்துவிடும். இரண்டாவது, மழைநீரும் வண்டி கழுவும் நீரும் துணியில் ஊறி நிற்கும். தூத்துக்குடி உப்பளப் பக்கம் ஓடும் வண்டியானால் உப்பும் சேர்ந்து ஊறும். எவர்சில்வருக்குத் துரு பிடிக்காது என்பது உப்பின் முன் செல்லாது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் பாதுகாப்புப் படலத்தை ஊசிமுனை போலத் துளைக்கும். ஈரமும் சூடும் இழுவிசையும் சேர்ந்தால் 304இல் முடிபோன்ற விரிசல்களும் விடும். துணிக்கு அடியில் நடப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது, என்ஜினிலிருந்து கசியும் எண்ணெயோ டீசலோ துணியில் ஊறினால் அது விளக்குத் திரி ஆகிவிடும். டீசல் ஆவி, தீப்பொறி இல்லாமலே ஏறத்தாழ 210 டிகிரியில் பற்றிக்கொள்ளக்கூடியது. ஹெடர் அதைப்போல மூன்று மடங்கு சூட்டில் இருக்கிறது.

இந்தக் காரணங்களால், உப்புச் சரக்கு ஏற்றும் வண்டிக்கும் கடற்கரை ஊர் வண்டிக்கும் துணி சுற்றுவதைத் தவிர்ப்பது நல்லது.

ஆறு: செராமிக் பூச்சு

பூச்சுகளில் ஹெடருக்கு உண்மையிலேயே பொருந்துவது இதுதான். மண்பானை போலச் சூட்டை எளிதில் கடத்தாத துகள்களைப் பசையோடு கலந்து தெளித்து, உலையில் சுட்டுப் பதிக்கிறார்கள். பருமன் பெரும்பாலும் 25 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. வெப்பம் வெளியே வீசுவதைக் குறைக்கும், உப்பும் ஈரமும் உலோகத்தைத் தொடாமல் காக்கும், தண்ணீரை உறிஞ்சாது, எண்ணெய் பட்டாலும் துடைத்துவிடலாம்.

இதிலும் இரண்டு குடும்பம் உண்டு. வெள்ளிபோல் மின்னும் வகையில் அலுமினியம் கலந்திருக்கும். அது சுமார் 700 டிகிரி வரைதான் தாங்கும். அதற்கு மேல் மங்கிச் சாம்பலாகும். மங்கலான கறுப்பு, சாம்பல் நிற வகைகளில் 900 டிகிரிக்கு மேல் தாங்குபவை உண்டு. டர்போவுக்கு முன் உள்ள ஹெடருக்கு இந்த இரண்டாவது வகையையே கேட்க வேண்டும். அழகுக்காக வெள்ளி நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் எல்லைக்கோட்டிலேயே ஓடவேண்டியிருக்கும்.

செராமிக் பூச்சின் உயிர் முன்வேலையில் இருக்கிறது. குழாயை எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவி, சூடேற்றி உள்ளே ஊறிய எண்ணெயை வெளியேற்றி, அலுமினிய ஆக்சைடு மணலால் பிளாஸ்டிங் செய்து சொரசொரப்பாக்க வேண்டும். இரும்புக் குண்டு மணலால் அடித்தால் இரும்புத் துகள்கள் எவர்சில்வரில் பதிந்து அங்கங்கே துருப்புள்ளி கிளம்பும். இதே காரணத்தால் எவர்சில்வரைத் தேய்க்க இரும்புக் கம்பி பிரஷ் கூடாது. எவர்சில்வர் கம்பி பிரஷ்தான் வேண்டும்.

டர்போவுக்கு முன்: உள்பக்கம்தான் முக்கியம்

வெளிப்பூச்சைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உரிமையாளரின் பணத்தை உண்மையில் விழுங்குவது குழாயின் உள்பக்கம். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுச் சுழலும் சக்கரத்தின் மீது ஒரு சிறு செதில் மோதினாலும் இறக்கை நசுங்கும், நிறை தவறும், பேரிங் போகும். ஆகவே டர்போவுக்கு முன் உள்ள குழாயில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

பிளாஸ்டிங் செய்த மணலில் ஒரு துகள்கூட உள்ளே இருக்கக் கூடாது. காற்றால் ஊதி, கழுவி, விளக்கடித்துப் பார்க்க வேண்டும்.

உள்பக்கமும் செராமிக் பூசித் தருகிறேன் என்று சொன்னால், டர்போவுக்கு முன் உள்ள பகுதிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பூச்சு நன்றாகவே இருக்கலாம். ஆனால் உரிந்தால் அது போகும் வழி டர்போ ஒன்றுதான்.

வெல்டிங் ஆர்கான் முறையில் இருக்க வேண்டும். வெல்டிங் செய்யும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயு நிரப்பப்பட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் மூட்டின் உள்பக்கம் சர்க்கரைப் பாகு பொரிந்ததுபோல் கறுப்பாகக் கட்டிகட்டியாக நிற்கும். அவை நாளடைவில் உதிரும், மூட்டும் பலவீனமாகும். பூச்சு போடும் முன்பே உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிடுங்கள். பூசிய பிறகு வெளியே எல்லாம் ஒன்றுபோல் இருக்கும்.

இன்னொன்று, எவர்சில்வர் சூட்டில் அதிகம் விரியும். ஒரு மீட்டர் நீளமுள்ள 304 குழாய் 500 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் நீளும். டர்போவின் எடை முழுவதையும் ஹெடரே தாங்கும்படி தொங்கவிட்டால், இந்த நீட்சியும் குலுக்கலும் சேர்ந்து மூட்டை வெடிக்கச் செய்யும். டர்போவுக்குத் தனியாக ஒரு தாங்கி வேண்டும். குழாய் நீள்வதற்கு இடமும் வேண்டும். விரிசலுக்குக் காரணம் இதுவாக இருக்கும்போது ஃபினிஷைக் குறை சொல்லிப் பயனில்லை.

தகடு ஒன்று போதும்

பட்டறைகளில் பலர் சொல்லாத எளிய வழி ஒன்று உண்டு. குழாய்க்கும் ஒயருக்கும் இடையே, குழாயைத் தொடாமல், காற்று இடைவெளி விட்டு ஒரு எவர்சில்வர் தகட்டையோ அலுமினியம் பூசிய தகட்டையோ மாட்டுவது. வெப்பத்தைத் தகடு மறித்துத் திருப்பும். இடையில் உள்ள காற்று மீதியைக் கொண்டுபோகும். தண்ணீர் தங்காது. கழற்றிப் பார்த்து மீண்டும் மாட்டலாம். வண்டிக் கம்பெனிகளும் இதைத்தான் செய்கின்றன. பழுது பார்க்கும்போது கழற்றிய இந்தத் தகட்டைத் திரும்ப மாட்டாமல் விடும் பட்டறைகள் உண்டு. எடுத்த தகட்டை எண்ணி மாட்டச் சொல்லுங்கள்.

செலவுக் கணக்கு

விலை ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும். கணக்குப் போடும் முறை ஒன்றுதான். எடுத்துக்காட்டுக்குச் செராமிக் பூச்சுக்கு 12,000 ரூபாய் ஆகிறது என்றும், நான்கு வருடம் நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 250 ரூபாய். ஒயர் கருகி வண்டி ஒரு நாள் நின்றால் வாடகை வண்டிக்கும் கூலிக்கும் போகும் தொகையை உங்கள் பேரேட்டில் பாருங்கள். உங்கள் வண்டியில் ஹெடர் பக்கம் நெருக்கமாக ஒயரும் ஹோஸும் இருந்தால் பூச்சு கட்டுபடியாகும். இடம் தாராளமாக இருந்து, தகடு மாட்ட முடிந்தால், அந்தச் செலவே தேவையில்லை.

"பூச்சு போட்டால் டீசல் மிச்சமாகும்" என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. புகையின் வெப்பம் குழாயில் குறையாமல் போனால் டர்போ சற்றுச் சீக்கிரம் சுழலத் தொடங்கும் என்பது உண்மை. அதைச் சரக்கு வண்டியின் டீசல் கணக்கில் வரவாக வைத்துக்கொண்டு பணம் போடாதீர்கள். டயரில் காற்றும், சுத்தமான ஏர் ஃபில்டரும், ஓட்டுநரின் காலும் கொடுக்கும் மிச்சம் அதைவிடப் பெரிது.

எந்த வண்டிக்கு எது?

சமவெளியில் ஓடும் சாதாரணச் சரக்கு வண்டி: 304 எல் குழாய், பூச்சில்லாத மங்கல் ஃபினிஷ், வெப்பத் தகடு. இதுவே பெரும்பாலோருக்குப் போதும்.

அடிக்கடி மலை ஏறும் வண்டி: 321 குழாய், வெளிப்பக்கம் மட்டும் உயர்வெப்பக் கறுப்புச் செராமிக், தகடு.

உப்பு, கருவாடு ஏற்றும் வண்டி, கடலோர வண்டி: நல்ல ரகக் குழாய், வெளிப்பக்கம் செராமிக். துணி கூடாது. லோடு இறக்கியதும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுவது எந்தப் பூச்சையும்விட மேல். ஆனால் குழாய் ஆறிய பிறகே கழுவ வேண்டும்.

இரும்புச் சைலன்சரும் வால்குழாயும்: வெப்பம் தாங்கும் அலுமினிய பெயின்ட். நுனிக்கு விருப்பமானால் பாலிஷ் அல்லது குரோம்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

1. குழாயின் ரகம் எது? பில்லில் எழுதித் தருவீர்களா?

2. வெல்டிங்கில் உள்ளேயும் ஆர்கான் விடுகிறீர்களா? பூச்சுக்கு முன் உள்பக்கத்தைப் பார்க்கலாமா?

3. பூச்சு எத்தனை டிகிரி தாங்கும்? வெள்ளியா, கறுப்பா என்பது அதற்குப் பிறகு.

4. பிளாஸ்டிங்குக்கு எந்த மணல்?

5. பூசிய பின் உலையில் சுடுகிறீர்களா, வண்டி ஓடியே ஆறட்டும் என்று விடுகிறீர்களா?

6. டர்போவுக்குத் தனித் தாங்கி உண்டா?

7. பூச்சு உரிந்தால் எத்தனை மாதத்துக்குப் பொறுப்பு? ஜிஎஸ்டி பில்லிலேயே எழுதுவீர்களா?

ஏழுக்கும் தயங்காமல் பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள். கேள்வி கேட்டால் கோபப்படுபவரிடம், பணம் குறைவு என்றாலும் கொடுக்க வேண்டாம்.

ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டியவை

மலை ஏறி வந்ததும் என்ஜினை உடனே நிறுத்தக் கூடாது. ஒன்றிரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டால் டர்போவின் எண்ணெய் கரியாகாது. ஹெடரும் மெல்ல ஆறும். சூடான குழாயின் மீது தண்ணீர் ஊற்றக் கூடாது. என்ஜின் பக்கம் சாக்கு, கயிறு, கழிவுத் துணி செருகி வைக்கும் பழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும். பாரத் ஸ்டேஜ் 6 வண்டியில் புகை வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் பின்குழாயும் கடும் சூடாகும். அப்போது வைக்கோல், காய்ந்த சருகு மீது வண்டியை நிறுத்தக் கூடாது. மாதம் ஒருமுறை, ஆறிய நிலையில், ஹெடரைச் சுற்றிலும் விளக்கடித்துக் கரிக்கோடு தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கடையின் முகப்புப் பலகை பளபளவென்று இருக்க வேண்டும்; வாடிக்கையாளர் பார்ப்பது அதைத்தான். போனட்டுக்கு அடியில் இருக்கும் குழாய்க்கு அந்த வேலை இல்லை. வெப்பத்தைத் தாங்கி, உதிராமல், வெடிக்காமல், லோடு மண்டியிலிருந்து கடைக்கு வந்து சேரும்வரை நின்றால் போதும். ஃபினிஷைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுமாறு வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.